அதிகம் அறியப்படாத கராஜ், சைக்கடெலிக் ராக் ஆல்பங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீட்டில்ஸ், டோர்ஸ், ஹெண்ட்ரிக்ஸ் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அதே காலத்தில் வேறு யாரெல்லாம் வாசித்தார்கள் என்று தேடத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. 1960களின் நடுவிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை வந்த இசையைப் பற்றித்தான் பேச்சு. பின்னால் வந்த மறுமலர்ச்சிக் குழுக்களுக்கு இங்கே இடம் போதாது.

கராஜ் ராக், சைக்கடெலிக் ராக் – என்ன வித்தியாசம்?

1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றினார்கள். சுமார் 7.3 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடப் பையன்கள் கிதாரும் டிரம்ஸும் வாங்கி, வீட்டுக் கார் ஷெட்டில் வாசித்துப் பழகினார்கள். மூன்றே கார்டுகள் (சுரக்கூட்டுகள்), கரகரக்கும் ஃபஸ் கிதார், ஃபார்ஃபீசா அல்லது வாக்ஸ் ஆர்கன், தொண்டை கிழியக் கத்தும் ஒரு பாடகன். இரண்டரை நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். கராஜ் ராக் அவ்வளவுதான்.

1966 வாக்கில் அதே பையன்களுக்கு எல்எஸ்டி என்ற போதைப்பொருள் பழக்கமானது. சித்தார் ஒலி, எதிரொலி, நாடாவைத் தலைகீழாக ஓடவிடுவது போன்ற ஸ்டூடியோ வித்தைகள் பாட்டுக்குள் வந்தன. பாட்டு நீண்டது, வரிகள் கனவு காண ஆரம்பித்தன. அது சைக்கடெலிக். நடுவே கோடு போட்டுப் பிரிக்கப் பார்க்காதீர்கள். 1966, 67இல் வந்த நல்ல தட்டுகளில் பாதி இரண்டுக்கும் சொந்தம்.

இவ்வளவு குழுக்கள் எப்படி யாருக்கும் தெரியாமல் போயின?

பெரும்பாலானவை வெளியூருக்கே போகவில்லை. அன்றைய அமெரிக்காவில் ஒரு தட்டு வெளியிடப் பெரிய கம்பெனி தேவைப்படவில்லை. உள்ளூர் ஸ்டூடியோவில் ஒரு மதியம் பதிவு செய்து, சின்சினாட்டியில் இருந்த ரைட் போன்ற ஆலைக்கு நாடாவையும் பணத்தையும் அனுப்பினால், சில நூறு சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டுகள்) பெட்டியில் வந்து இறங்கும். பள்ளி நடன விழாவில் கொஞ்சம் விற்கும். உள்ளூர் ரேடியோவில் ஒரு அறிவிப்பாளர் மனது வைத்தால் ஓரிரு வாரம் ஒலிக்கும். அடுத்த மாநிலத்துக்கு எடுத்துப்போய்க் கடைகளில் வைக்க ஆள் இருக்காது.

அப்புறம் வயது. பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள். ஒருவன் கல்லூரிக்குப் போவான், இன்னொருவனுக்கு வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேவை அழைப்பு வரும். ஒரு சிங்கிளோடு நின்றுபோன குழுக்கள் ஏராளம். திறமை போதாமல்தான் அவை காணாமல் போயின என்று நினைத்துக்கொண்டு இந்த இசைக்குள் வந்தால் நல்ல பாட்டு பலவற்றைத் தவறவிடுவீர்கள்.

முதலில் எதைக் கேட்கலாம்?

சந்தேகமே வேண்டாம், நகெட்ஸ். எலெக்ட்ரா நிறுவனத்தின் ஜாக் ஹோல்ஸ்மன் கேட்டுக்கொண்டதன் பேரில் லென்னி கே தொகுத்து 1972இல் வந்த இரட்டைத் தட்டு. 27 பாடல்கள். லென்னி கே அப்போது இசை விமர்சகர், பிற்பாடு பாடகி பேட்டி ஸ்மித்தின் கிதார் கலைஞரானவர். நான்கைந்து வருடத்துக்கு முன் வந்து மறந்துபோன சிங்கிள்களை ஒரு ரசிகனின் காதால் வரிசைப்படுத்தினார். அந்த வரிசைதான் இன்றும் இந்தத் துறையின் பாலபாடம். 1998இல் ரைனோ நிறுவனம் அதை நான்கு சிடிகளாக விரித்து வெளியிட்டது. 2001இல் வந்த இரண்டாம் பெட்டி பிரிட்டனையும் மற்ற நாடுகளையும் எடுத்துக்கொண்டது.

நகெட்ஸில் இருப்பவற்றில் கணிசமானவை அந்தக் காலத்தில் தரவரிசையில் கொஞ்சமாவது ஏறிய பாடல்கள். அடுத்த படி இறங்க, 1970களின் இறுதியில் தொடங்கிய பெபிள்ஸ் தொடர். இன்னும் ஆழத்துக்கு, கிரிப்ட் நிறுவனத்தின் டிம் வாரன் 1983 முதல் வெளியிட்ட பேக் ஃப்ரம் த கிரேவ் தொடர். இதில் மென்மைக்கு இடமே இல்லை. ஒவ்வொரு பாட்டும் அடித்து நொறுக்கும். உறைக்குள் இருக்கும் குழுக்களின் கதைகளையும் தவறாமல் படியுங்கள். எந்த ஊர், எந்த ஸ்டூடியோ, யார் யாரோடு படித்தார்கள் என்ற விவரங்கள்தான் பிறகு உங்களுக்கு வழிகாட்டப்போகின்றன.

தொகுப்புகள் எல்லாம் கேட்டாயிற்று. அடுத்து ஆல்பங்களைத் தேடுவது எப்படி?

எனக்கு இதில் ஒரே ஒரு வழியில்தான் முழு நம்பிக்கை: ஊரைப் பிடியுங்கள். “கேட்டே ஆக வேண்டிய நூறு ஆல்பங்கள்” வகைப் பட்டியல்கள் ஏற்கெனவே பத்துப் பேர் எழுதியதைத்தான் பதினோராவது முறை எழுதுகின்றன. ஆனால் இந்த இசை ஊர் ஊராக வளர்ந்தது. ஒரே ஸ்டூடியோ, ஒரே லேபிள் (தட்டு வெளியிடும் நிறுவனம்), ஒரே நடன அரங்கு, ஒருவரையொருவர் ஜெயிக்கப் பார்த்த நான்கைந்து குழுக்கள். ஒரு பாட்டு பிடித்திருந்தால் அது எந்த ஊரில் பிறந்தது என்று பாருங்கள். அதன் உடன்பிறப்புகள் பக்கத்திலேயே இருக்கும்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையை எடுத்துக்கொள்வோம். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் த வெய்லர்ஸ் என்ற குழுவினர் எட்டிகெட் என்று சொந்த லேபிள் தொடங்கினார்கள். ரிச்சர்ட் பெர்ரி 1957இல் பாடிய லூயி லூயியை எடுத்து, ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் குரலில் 1961இல் அந்த லேபிளில் வெளியிட்டார்கள். அந்த வட்டாரம் முழுக்க அந்தப் பாட்டு பரவியது. 1963இல் பக்கத்து மாநிலத்துப் போர்ட்லண்டில் த கிங்ஸ்மென் அதைப் பதிவு செய்தார்கள். வார்த்தைகள் தெளிவில்லாததால் ஆபாசமோ என்று சந்தேகப்பட்டு எஃப்பிஐ விசாரணை நடத்தி, என்ன பாடுகிறார்கள் என்று புரியவில்லை என முடித்தது. அதே எட்டிகெட் லேபிளில்தான் 1965இல் த சானிக்ஸ் குழுவின் ‘ஹியர் ஆர் த சானிக்ஸ்’ வந்தது. ஜெரி ரோஸ்லியின் அலறலும் பாப் பென்னட்டின் டிரம்ஸும் இன்றைக்கும் ஒலிபெருக்கியைச் சோதிக்கும். அடுத்த ஆண்டின் ‘பூம்’ ஆல்பத்துக்காக ஸ்டூடியோ சுவரில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பதிவு செய்தார்கள். அறை முழுக்க ஓசை முட்டி மோத வேண்டும் என்பதற்காக. அந்த ஆல்பத்திலும் லூயி லூயி உண்டு. மூன்று குழுக்களின் லூயி லூயியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஐந்தே ஆண்டுகளில் ஒரு வட்டாரத்தின் காது எப்படி முரட்டுத்தனமானது என்பது புத்தகம் படிக்காமலே புரியும்.

டெக்சஸுக்கும் இதே வழிதான். ஆஸ்டினின் தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று வையுங்கள் (பிடிக்கும்). அவர்களுடைய லேபிள் ஹூஸ்டனின் இன்டர்நேஷனல் ஆர்டிஸ்ட்ஸ். அங்கே தயாரிப்பாளராக இருந்தவர் பாடகர் கென்னி ராஜர்ஸின் அண்ணன் லீலன் ராஜர்ஸ். அந்த லேபிளின் பட்டியலைப் பார்த்தால் 1967இல் ரெட் க்ரேயோலாவின் ‘த பேரபிள் ஆஃப் ஏரபிள் லேண்ட்’ கிடைக்கும். பாட்டுக்குப் பாட்டு நடுவே நண்பர்கள் கூட்டம் கையில் கிடைத்ததை எல்லாம் தட்டி எழுப்பிய இரைச்சல். 1968இல் கோல்டன் டானின் ‘பவர் பிளான்ட்’ கிடைக்கும். அதே ஹூஸ்டனில், வேறு லேபிளில், மூவிங் சைட்வாக்ஸ். அந்தக் குழுவின் கிதார் பில்லி கிப்பன்ஸ், பிறகு ஸீஸீ டாப் குழு மூலம் உலகமே அறிந்தவர். ஒரே ஒரு குழுவில் தொடங்கி நான்கு குழுக்களுக்கு வந்துவிட்டோம், எந்தப் பட்டியலும் இல்லாமல்.

ஒரு ஆல்பத்தை எப்படிக் கவனித்துக் கேட்பது? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இரைச்சலாக இருக்கிறது.

எலிவேட்டர்ஸின் 1966ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் முதல் பாட்டு, ‘யூ ஆர் கோனா மிஸ் மீ’. ராக்கி எரிக்சன் தன் முந்தைய குழுவான த ஸ்பேட்ஸில் இருந்தபோது எழுதியது. முதல் முறை அவருடைய குரலை மட்டும் கேளுங்கள். காதலியை எச்சரிக்கும் சாதாரண வரிகளை உயிர் போகிற மாதிரி கத்துவார். இரண்டாம் முறை பின்னால் விடாமல் குமிழியிடும் ஒரு விசித்திர ஒலியைத் தேடிப் பிடியுங்கள். அது டாமி ஹாலின் மின் ஜாடி. பழைய நாட்டுப்புற ஜாடிக் குழுக்கள் ஜாடியை ஊதித் தாழ்ந்த சுரம் எழுப்புவார்கள். இவர் ஜாடியின் வாயருகே மைக்கை வைத்துக்கொண்டு, குரலால் வேகமாகக் குலவையிடுவதுபோல் ஒலி எழுப்பினார். ராக் இசையில் வேறு யாரும் அப்படிச் செய்ததை நான் கேட்டதில்லை. மூன்றாம் முறை, ஸ்டேசி சதர்லண்டின் கிதாரில் வரும் எதிரொலியை. இப்படி மூன்று முறை கேட்டால் இரைச்சல் தனித்தனி மனிதர்களாகப் பிரிந்து நிற்கும்.

அப்புறம் ஃபஸ். கிதார் ஒலி பிய்ந்து கரகரப்பது முதலில் விபத்து. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றை நாஷ்வில்லில் பதியும்போது பழுதான மிக்ஸர் வழியாக வந்த ஒலி அப்படியே தட்டில் போனது. அதைப் பார்த்து 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற மிதிபெட்டி விற்பனைக்கு வந்தது. யாரும் அவ்வளவாக வாங்கவில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகு கடைகளில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது. 1966இல் ஒரு சிங்கிளில் ஃபஸ் கேட்டால், வாசிப்பவன் அந்தப் பெட்டியைப் புதிதாக வாங்கிய உற்சாகத்தில் இருக்கிறான் என்று பெரும்பாலும் நம்பலாம்.

மோனோ, ஸ்டீரியோ இரண்டும் கிடைத்தால் 1967 வரையிலான தட்டுகளுக்கு மோனோவை எடுங்கள். அன்று கவனமெல்லாம் மோனோ மிக்ஸில்தான் (மிக்ஸ் என்பது பதிந்த ஒலிகளைக் கலந்து முடிக்கும் வடிவம்). ஸ்டீரியோவில் குரல் ஒரு காதில், டிரம்ஸ் ஒரு காதில் என்று பிரிந்து, பாட்டின் முஷ்டி தளர்ந்துவிடும்.

ஆல்பம் முழுக்க நன்றாக இருக்குமா, ஒன்றிரண்டு பாட்டுதானா?

நேர்மையாகச் சொன்னால், கராஜ் என்பது சிங்கிள்களின் இசை. ஒரு பாட்டு ஓடியதும் கம்பெனி அவசரமாக ஆல்பம் கேட்கும். பையன்கள் மேடையில் வாசிக்கும் பிறர் பாட்டுகளை வைத்து நிரப்புவார்கள். அதனால் பல ஆல்பங்களில் இரண்டு முத்து, பத்து நிரப்பல்.

முழுசாக நிற்பவை என்று நான் தயங்காமல் சொல்வது: மேலே சொன்ன சானிக்ஸின் இரண்டும், எலிவேட்டர்ஸின் 1967ஆம் ஆண்டு ‘ஈஸ்டர் எவ்ரிவேர்’, அப்புறம் த மாங்க்ஸின் 1966ஆம் ஆண்டு ‘பிளாக் மாங்க் டைம்’. இந்தக் கடைசி ஆல்பம் ஓர் அதிசயம். ஜெர்மனியில் பணியாற்றிய ஐந்து அமெரிக்க ராணுவ வீரர்கள், பணி முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே குழு நடத்தினார்கள். கறுப்பு உடை, கழுத்தில் தூக்குக் கயிறு, பாதிரியார்போல உச்சியில் மழித்த தலை. பாட்டில் மெட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. டிரம்ஸ் அடிக்கும் தாளத்தையே ஆர்கனும் பாஸும் சேர்ந்து அடிக்கும். இரண்டாம் கிதாருக்குப் பதில் உள்ளே மைக் பொருத்திய பான்ஜோ. முதல் பாட்டிலேயே வியட்நாம் போரைப் பெயர் சொல்லித் திட்டுவார்கள். முன்னாள் ராணுவத்தினர் 1966இலேயே அதைச் செய்தார்கள் என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

சைக்கடெலிக் வேறு. அங்கே ஆல்பம்தான் அலகு, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே மனநிலையில் ஓடும்.

அமெரிக்கா, பிரிட்டன் தாண்டி எங்கே தேடலாம்?

என் கருத்தில் இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மிகப் பெரிய சந்தோஷம் அங்கேதான் காத்திருக்கிறது.

ஜாம்பியாவிலிருந்து தொடங்குங்கள். 1964இல் சுதந்திரம் பெற்ற நாடு, செம்புச் சுரங்கங்களால் வாழ்ந்தது. சுரங்க நகரங்களில் கையில் காசு இருந்தது, வெளிநாட்டு ராக் தட்டுகளும் கிடைத்தன. வானொலியில் 95 சதவீதம் ஜாம்பிய இசைதான் ஒலிக்க வேண்டும் என்று அதிபர் கென்னத் கவுண்டா உத்தரவிட்டார். உள்ளூர்க் குழுக்களுக்குத் திடீரென்று பெரிய வாசல் திறந்தது. ஃபஸ் கிதாரும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்த அந்த இசைக்கு ஜாம்ராக் என்று பெயர். விட்ச் குழுவின் 1975ஆம் ஆண்டு ‘லேஸி போன்ஸ்’, ரிக்கி இலிலோங்காவின் முசி-ஓ-துன்யா, பால் ங்கோஸியின் குழு, அமனாஸின் 1975ஆம் ஆண்டு ‘ஆப்பிரிக்கா’. அமனாஸ் ஆல்பம் இரண்டு மிக்ஸ்களில் உண்டு: ஒன்று உலர்ந்த ஒலி, மற்றது எதிரொலியில் ஊறியது. மறுவெளியீட்டில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அதே பாட்டு அறைக்குள் பாடுவதாகவும், குகைக்குள் பாடுவதாகவும் இருவிதமாகக் கேட்கும். எதிரொலி மிக்ஸ்தான் எனக்குப் பிடித்தது.

அந்த அலை நீடிக்கவில்லை. 1970களின் நடுவில் செம்பு விலை சரிந்து நாட்டின் பொருளாதாரம் குலைந்தது. திருட்டுக் கேசட்டுகள் தட்டு வியாபாரத்தை அழித்தன. பிறகு எய்ட்ஸ் அந்தத் தலைமுறை இசைக்கலைஞர்களில் பலரைக் கொண்டுபோனது. விட்ச்சின் தொடக்கக்கால உறுப்பினர்களில் எஞ்சியவர் பாடகர் இம்மானுவேல் ஜகாரி சண்டா. இசையை விட்டு ரத்தினக்கல் சுரங்கத்தில் இறங்கியிருந்தார். மறுவெளியீடுகள் வந்த பிறகு உலகம் அவரைத் தேடி வந்தது, புதிய குழுவோடு ஊர் ஊராகப் பாடினார், 2023இல் புது ஆல்பமும் வந்தது.

பெருவின் லீமா நகரில் லின்சே என்ற பகுதியில் லோஸ் சாய்கோஸ் என்று நான்கு பேர். 1965, 66இல் ஆறே சிங்கிள்கள், மொத்தம் 12 பாடல்கள். ரயில் நிலையத்தை இடித்துத் தள்ளுவோம் என்று கத்தும் ‘டெமொலிசியோன்’ கேட்டுவிட்டு, பங்க் இசை எப்போது பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். பத்து வருடம் முந்தைய பாட்டு என்று நம்ப முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துருக்கியில் ஹுரியத் நாளிதழ் 1965இல் தொடங்கிய தங்க ஒலிவாங்கிப் போட்டி, நாட்டுப்புற மெட்டுகளை மின் கிதாரில் வாசிக்கப் பையன்களைத் தூண்டியது. எர்கின் கொராயின் 1974ஆம் ஆண்டு ‘எலெக்ட்ரானிக் துர்குலேர்’ அந்த வழியின் உச்சம். பிரேசிலில் ஓஸ் முடான்ச்சிஸின் 1968ஆம் ஆண்டு முதல் ஆல்பம். ஜப்பானில் ஃப்ளவர் ட்ராவலின் பேண்டின் 1971ஆம் ஆண்டு ‘சடோரி’. தென்கொரியாவில் ஷின் ஜூங்-ஹியூன் எழுதி கிம் ஜங்-மி பாடிய 1973ஆம் ஆண்டு ‘நவ்’. மனதை வருடும் ஆல்பம். 1975இல் ராணுவ ஆட்சி ஷின்னின் பாடல்களைத் தடை செய்தது. கம்போடியாவில் சின் சிசமூத், ரோஸ் செரெய் சொதியா இருவரின் பாடல்கள். 1975க்குப் பிறகு கெமர் ரூஜ் ஆட்சியில் அந்தத் தலைமுறைக் கலைஞர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. அந்தப் பாடல்களின் குதூகலத்தைக் கேட்கும்போதெல்லாம் அது நெஞ்சை அடைக்கிறது.

இந்தியாவில் இப்படி எதுவும் இல்லையா? தமிழ்நாட்டில்?

உண்டு. சிம்லா என்ற சிகரெட்டை விளம்பரப்படுத்த இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் சிம்லா பீட் என்ற அகில இந்திய இசைப் போட்டியை நடத்தியது. தேர்வான குழுக்களின் பாடல்கள் 1970இலும் 1971இலும் இரண்டு எல்பிக்களாக (முழுநீளத் தட்டுகளாக) வந்தன. ஷில்லாங்கிலிருந்து த ஃபென்டோன்ஸ், பெங்களூரிலிருந்து த டைனோசர்ஸ், நம் சென்னையிலிருந்து த கன்ஃப்யூஷன்ஸ். கன்ஃப்யூஷன்ஸின் ‘வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்’ அந்தத் தட்டுகளின் சிறந்த பாட்டுகளில் ஒன்று என்பது என் கருத்து. வேறு யார் பாட்டையும் எடுத்துப் பாடாமல் சொந்தமாக எழுதியது. இரண்டு தட்டுகளும் பிற்பாடு ஜெர்மனியில் ஒரே சிடியாக மறுவெளியீடு கண்டன. பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் குழுவின் ‘அப்செஷன் 77’ ஆல்பத்தையும் தேடுங்கள், ஃபங்க் பக்கம் சாய்ந்த கனமான ராக்.

தமிழ்த் திரையிசை தனிக் கடல். ஆனால் ஒன்று: துருக்கி சைக்கடெலிக் தட்டுகளை மேற்குக்கு அறிமுகப்படுத்திய மான்செஸ்டரின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் இளையராஜாவின் பாடல்களையும் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அந்தத் தொகுப்பாளர்களின் காதில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

மொழி புரியாத பாட்டை எப்படி ரசிப்பது?

நம்மில் பலர் இந்திப் பாட்டை அப்படித்தான் ரசித்து வளர்ந்தோம். பிடித்த பாட்டின் பொருளை மட்டும் ஒருமுறை தேடிப் படித்துக்கொள்ளுங்கள், போதும்.

அரிய தட்டு என்றால் நல்ல தட்டு என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. விலை ஏறக் காரணம் எண்ணிக்கைக் குறைவும், இரண்டு மூன்று பணக்கார சேகரிப்பாளர்களின் போட்டியும். 1972இல் இங்கிலாந்தின் டார்க் என்ற குழு ‘ரவுண்ட் தி எட்ஜஸ்’ ஆல்பத்தை நூறுக்கும் குறைவான பிரதிகளே அச்சிட்டது. அசல் பிரதிக்கு இன்று ஆயிரக்கணக்கான பவுண்டு. அது நல்ல ஆல்பம்தான். ஆனால் அதே விலை வட்டத்தில் சுற்றும் பல தனியார் வெளியீடுகளில் ஒரு பக்கம் கேட்பதற்குள் அலுப்புத் தட்டிவிடும். மறுபக்கம், சானிக்ஸும் எலிவேட்டர்ஸும் சாதாரண விலைக்கு மறுவெளியீட்டில் கிடைக்கிறார்கள். ஏலத் தொகையைப் பார்த்து ஆல்பத்தைத் தேர்ந்தெடுப்பவர் காதை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

எதைக் கேட்பது என்று முடிவு செய்ய, ஸ்வீடனைச் சேர்ந்த பேட்ரிக் லண்ட்போர்க் தொகுத்த ‘தி ஆசிட் ஆர்கைவ்ஸ்’ உதவும். 2006இல் வந்த புத்தகம். அமெரிக்க, கனடிய ஆல்பங்கள் ஆயிரக்கணக்கில், விலை அதிகம் என்பதற்காக யாரையும் புகழாத மதிப்புரைகள்.

டிஸ்காக்ஸ் தளத்தை இதற்கு எப்படிப் பயன்படுத்துவது?

பலர் அதை விலை பார்க்கத்தான் திறக்கிறார்கள். 2000இல் மின்னணு இசைக்காகத் தொடங்கிய தளம், இன்று எல்லா வகைக்கும் பெரிய விவரக் களஞ்சியம். பிடித்த ஆல்பத்தின் பக்கத்துக்குப் போய் லேபிள் பெயரைச் சொடுக்குங்கள். அந்த லேபிள் வெளியிட்டவை எல்லாம் வரிசையாக வரும். அவற்றை ஆண்டு வாரியாகப் பாருங்கள். பிறகு பதிவு செய்த ஸ்டூடியோ, ஒலிப்பொறியாளர், தயாரிப்பாளர் பெயர்கள். சானிக்ஸின் முதல் ஆல்பத்தைப் பதிந்த சியாட்டில் பொறியாளர் கியர்னி பார்ட்டன். அவர் பெயரைத் தொடர்ந்தாலே அந்த வட்டாரத்தின் இசை பாதி கைக்கு வந்துவிடும். நாடு, ஆண்டு, இசை வகை மூன்றையும் சேர்த்து வடிகட்டும் வசதியும் உண்டு. பெரு, 1969, சைக்கடெலிக் என்று போட்டுப் பாருங்கள்.

கிடைத்த பெயர்களை யூடியூபில் தேடிக் கேளுங்கள். யூடியூப் தானாகப் பரிந்துரைப்பதை மட்டும் நம்பினால் ஏற்கெனவே லட்சம் பேர் கேட்ட அதே பத்து ஆல்பங்களைச் சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

மறுவெளியீடு முறையானதா, திருட்டுப் பதிப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதில் தயவுசெய்து அக்கறை காட்டுங்கள். அன்று ஒரு பைசாகூடப் பார்க்காத கலைஞர்களுக்கு இப்போதுதான் ஏதோ வருகிறது. முறையான வெளியீட்டில் யாரிடம் உரிமை பெற்றார்கள் என்ற குறிப்பு இருக்கும். குழுவினரின் பேட்டி, சொந்தப் படங்கள், மூல நாடாவிலிருந்து எடுத்ததா என்ற தகவல் இருக்கும். திருட்டுப் பதிப்பில் முகவரியே இருக்காது, உறை நகலெடுத்ததுபோல் மங்கலாக இருக்கும், ஒலியில் யாரோ ஒருவரின் பழைய தட்டின் கீறல் கேட்கும். கீறல் கேட்டதுமே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. மூல நாடா அழிந்துபோனால் நல்ல நிறுவனங்களும் தட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஆனால் அதை உறையில் ஒளிக்காமல் சொல்வார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நான் நம்பும் பெயர்கள்: சண்டேஸ்ட், லைட் இன் தி ஆட்டிக், நியூமரோ குரூப், ஜாம்ராக்குக்கு நௌ-அகெய்ன், லோஸ் சாய்கோஸை மறுபடி கொண்டுவந்த மாட்ரிட்டின் மன்ஸ்டர். இவற்றில் பல பேண்ட்கேம்ப் இணையதளத்தில் டிஜிட்டலாகவும் விற்கின்றன. வெளிநாட்டிலிருந்து தட்டு வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் தட்டு விலையைத் தொட்டுவிடும். அந்தச் செலவுக்கு டிஜிட்டலில் மூன்று ஆல்பம் வாங்கலாம்.

பழைய அசல் தட்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தட்டின் நிலையைக் கோல்ட்மைன் பத்திரிகையின் அளவுகோல்படி எழுதுவார்கள். மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட் என்று இறங்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெறும் ‘குட்’ என்று போட்டிருந்தால் தட்டு நன்றாகவே தேய்ந்திருக்கும்.

அடுத்து, பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவில் ஒட்டிய லேபிள் காகிதத்துக்கும் இடையே உள்ள வெற்று வளையம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கையால் கீறிய எண்கள் தெரியும். அது எந்த ஆலையில், எப்போது அச்சானது என்பதைச் சொல்லும். உதாரணமாக, ஆர்சிஏ ஆலையில் சின்னக் குழுக்கள் பணம் கட்டி அடித்த சிங்கிள்களில் எண்ணின் முதல் எழுத்து ஆண்டைக் குறிக்கும்: எஸ் என்றால் 1965, டி என்றால் 1966, யூ என்றால் 1967. விற்பவரிடம் இந்த இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முறையான வியாபாரி மறுக்க மாட்டார்.

இந்தியாவில் கடை கடையாகத் தேட விரும்பினால் கொல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெருப் பழைய தட்டுக் கடைகளுக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள்.

வீட்டிலோ பழைய கடையிலோ எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு தட்டு கிடைத்தது. என்ன செய்ய?

முதலில், அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள். 78 வேகத்தில் சுழலும் பழைய அரக்குத் தட்டுகளில் ஸ்பிரிட் பட்டால் மேல்பரப்பு கரைந்துவிடும். வினைலானாலும் தூசியை மென்மையான தூரிகையால் எடுத்த பிறகே ஈரத் துணி. இரண்டு பக்க லேபிளையும், வெற்று வளையத்து எண்களையும், உறை இருந்தால் அதன் நான்கு ஓரங்களையும் படமெடுங்கள். நல்ல ஊசி உள்ள பிளேயரில் ஒரே முறை ஓடவிட்டு, சுருக்காத (கம்ப்ரஸ் செய்யாத) கோப்பாகப் பதிந்துகொள்ளுங்கள். எம்பி3ஆக மட்டும் வைக்க வேண்டாம்.

பிறகு அந்த விவரங்களை டிஸ்காக்ஸில் புதிய பதிவாகச் சேருங்கள். லேபிளில் பாடலாசிரியர் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். குழுவில் வாசித்த மனிதர்களைக் கண்டுபிடிக்க அதுதான் பிடி. அன்று இருபது வயதில் வாசித்தவர்கள் இப்போது எழுபத்தைந்தைத் தாண்டியிருப்பார்கள். பலரிடம் ஒத்திகை நாடாக்களும் படங்களும் பெட்டியில் இருக்கின்றன. சென்னை, பெங்களூர்க் கல்லூரி விழாக்களில் அந்த நாளில் வாசித்தவர்கள் உங்கள் உறவிலோ தெருவிலோ இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள், அவர்கள் பேசுவதை அனுமதியோடு பதிவு செய்யுங்கள். அந்த நாடாக்களை மாடியில் வெயில் படும் அறையிலிருந்து கீழே இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.